நிற்கத் தெரிந்த பில்டு ஸ்கிரிப்ட்

நான் எழுதிய சிறு கருவி ஒன்றின் 2.3 பதிப்பை வெளியிட்ட மறுநாள் காலை, பயனர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. “புதுசைப் போட்டுவிட்டேன். ஆனாலும் அதே இடத்தில்தான் நின்றுபோகிறது. பதிப்பு என்ன என்று கேட்டால் 2.2 என்கிறது. நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா?”

அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. நான் வெளியிட்ட டார் கோப்பை (பல கோப்புகளை ஒன்றாகச் சுருட்டியது) நானே பதிவிறக்கிப் பிரித்துப் பார்த்தேன். வெளியே பெயர் 2.3. உள்ளே இருந்தது மூன்று மாதம் பழைய 2.2 பைனரி, அதாவது மூலநிரலிலிருந்து கட்டிய, ஓடும் நிரல். இத்தனைக்கும் அதை நான் கையால் கட்டவில்லை. அதற்கென்றே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டும் (பில்டு) கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு, வைத்திருந்தேன். அது கடைசியில் “முடிந்தது” என்று எழுதிவிட்டுத்தான் வெளியேறியது. அந்தச் சொல்லை நம்பித்தான் வெளியிட்டேன்.

கருவி சின்னது. சி மொழியில் எழுதியது. படக் கோப்புகளை எடுத்த தேதிப்படி பிரித்து அடுக்கும். ஒரு பைனரி, கூடவே கேமரா பெயர்கள் கொண்ட ஒரு தரவுக் கோப்பு, ஒரு மேனுவல் பக்கம். இதை டார் கோப்பாகவும், டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளில் நிறுவும் டெப் பேக்கேஜாகவும் வெளியிடுகிறேன். இவ்வளவுக்குள்ளேயே எத்தனை இடத்தில் சறுக்கலாம் என்பதை ஸ்கிரிப்டைத் திருத்தி எழுதிய இரண்டு வார இறுதிகளில் தெரிந்துகொண்டேன். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் பழகியவர்களுக்குப் புரிந்துவிடும்.

பழைய ஸ்கிரிப்டில் 12 வரி. முக்கியமானவை நான்குதான். முதலில் பழைய பில்டை அழிக்கும் மேக் கிளீன். அடுத்து மூலநிரலைக் கட்டும் மேக், அதன் வெளியீட்டைத் திரையிலும் பார்க்க வேண்டும், லாக் கோப்பிலும் சேமிக்க வேண்டும் என்பதால் டீ கட்டளைக்குப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுப்பது) போட்டிருந்தேன். பிறகு பைனரியை டிஸ்ட் ஃபோல்டருக்குள் நகலெடுக்கும் சிபி. கடைசியில் அந்த ஃபோல்டரைச் சுருட்டும் டார்.

வெளியீட்டுக்கு முந்தைய வாரம் இயங்குதளத்தை மேம்படுத்தியிருந்தேன். அதில், கட்டுவதற்குத் தேவையான ஒரு லைப்ரரியின் ஹெடர் கோப்புகள் போய்விட்டன. ஆகவே மேக் தோற்றது. ஒரு கட்டளை முடியும்போது திருப்பும் எண் எக்ஸிட் கோடு: 0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி. மேக் தோற்றால் எக்ஸிட் கோடு 2 வரும். ஆனால் பைப்பின் வலப்பக்கத்தில் இருந்தது டீ. டீ தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, வந்த பிழைச் செய்தியை எல்லாம் ஒழுங்காக லாக்கில் எழுதியது, 0 என்று திரும்பியது. ஷெல் பார்ப்பது பைப்பின் கடைசிக் கட்டளை சொன்னதை மட்டும்தான். எனவே ஷெல்லைப் பொறுத்தவரை பில்டு வெற்றி. அடுத்து சிபி, “அப்படி ஒரு கோப்பே இல்லை” என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தோற்றது. சாதாரண ஷெல் ஒரு கட்டளை தோற்றதற்காக நிற்காது, அடுத்த வரிக்குப் போய்விடும். டிஸ்ட் ஃபோல்டரைச் சுத்தம் செய்யும் வரி எங்கேயும் இல்லை. அதனால் அங்கே போன தடவையின் பைனரி அப்படியே கிடந்தது. டார் அதை எடுத்து 2.3 என்ற பெயரில் சுருட்டிக் கொடுத்தது.

நம்பாதவர்கள் டெர்மினலைத் திறந்து, எப்போதும் தோற்கும் ஃபால்ஸ் என்ற கட்டளையை எப்போதும் வெல்லும் ட்ரூ என்ற கட்டளைக்குப் பைப் போட்டுப் பாருங்கள். உடனே, கடைசி எக்ஸிட் கோடைச் சொல்லும் டாலர் கேள்விக்குறியை எக்கோ செய்தால் 0 வரும். செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில் என்று ஒரு வரி போட்டுவிட்டு அதையே திரும்பச் செய்தால் 1 வரும். என் மூன்று மாத உழைப்பு அந்த ஒரு வரி இல்லாததால் பயனர்களிடம் போய்ச் சேரவில்லை.

திருத்தம் எளிது என்று நினைத்தேன். ஸ்கிரிப்டின் தலையில் செட் மைனஸ் இ, மைனஸ் யு, பைப்ஃபெயில் மூன்றையும் சேர்த்தேன். இ என்றால் எந்தக் கட்டளை தோற்றாலும் அங்கேயே நில். யு என்றால் மதிப்பு தராத மாறியைத் தொட்டால் நில். ஓட்டினேன். இரண்டாவது வரியிலேயே “இல்லீகல் ஆப்ஷன்” என்று நின்றுவிட்டது. காரணம், எந்த ஷெல்லில் ஓட வேண்டும் என்று சொல்லும் முதல் வரி: பின் எஸ்எச் என்று எழுதியிருந்தேன். டெபியன் வகைக் கணினிகளில் எஸ்எச் என்பது பேஷ் என்ற ஷெல் அல்ல, டாஷ் என்ற வேறொன்று. உபுண்டு 2006இலும் டெபியன் 2011இலும் இப்படி மாறின. டாஷ் சிறியது, வேகமானது; ஆனால் என் கணினியில் இருந்ததற்கு பைப்ஃபெயில் தெரியாது. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரம் போசிக்ஸ்; 2024இல் வந்த அதன் பதிப்புதான் பைப்ஃபெயிலைப் பொது விதியாகச் சேர்த்தது. முதல் வரியை பேஷ் என்று மாற்றினேன். எஸ்எச்சில் எழுதினால் எல்லா இடத்திலும் ஓடும் என்பார்கள். பில்டு ஸ்கிரிப்ட் எல்லா இடத்திலும் ஓடத் தேவையில்லை. நான் பில்டு செய்யும் ஒரே இடத்தில் சரியாக ஓடினால் போதும்.

செட் மைனஸ் இ போட்டதும் நிம்மதியாகிவிடக் கூடாது என்பதை அடுத்த நாள் கற்றேன். பில்டு தோற்றால் தெளிவாக ஒரு செய்தி காட்டலாமே என்று, பில்டு வேலைகளை ஒரு ஃபங்ஷனில் போட்டு, “இஃப்” நிபந்தனைக்குள் அதை அழைத்தேன். சோதிக்க சி கோப்பில் ஓர் அரைப்புள்ளியை வேண்டுமென்றே எடுத்தேன். மேக் தோற்றது, ஸ்கிரிப்ட் மேலே போய்க்கொண்டே இருந்தது! ஒரு ஃபங்ஷனை இஃப் நிபந்தனையாக அழைத்தால், அதற்குள் நடக்கும் எல்லாவற்றுக்கும் மைனஸ் இ செயலிழந்துவிடும். அண்ட்-அண்ட், ஆர்-ஆர் குறிகளுக்கு இடப்பக்கம் வைத்தாலும் அதே கதை. பேஷ் கையேட்டில் தெளிவாக எழுதியே இருக்கிறது, நான்தான் படித்திருக்கவில்லை. இஃப்பை எடுத்துவிட்டு, ஒரு கட்டளை தோற்கும்போது எழும் இஆர்ஆர் நிகழ்வை ட்ராப் கட்டளையால் பிடித்து எந்த வரியில் தோற்றது என்று எழுதச் செய்தேன். ஃபங்ஷனுக்குள் நடப்பதையும் அது பிடிக்க வேண்டுமானால் செட் மைனஸ் பெரிய இ கூடவே வேண்டும்.

இதே ரகத்தில் இன்னொன்றை, ஸ்கிரிப்டில் பிழை தேடும் ஷெல்செக் என்ற கருவி காட்டிக்கொடுத்தது. லோக்கல் என்று மாறியை அறிவிக்கும் வரியிலேயே ஒரு கட்டளையின் விடையை அதில் போட்டால், எக்ஸிட் கோடு லோக்கலுடையதாகிவிடும், கட்டளை தோற்றது தெரியாது. அறிவிப்பு ஒரு வரி, மதிப்பு அடுத்த வரி என்று பிரித்துவிட்டேன். ஷெல்லில் எழுதும் யாரும் ஷெல்செக்கை ஒருமுறையாவது தங்கள் ஸ்கிரிப்ட் மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு 12 வரியில் ஐந்து எச்சரிக்கை வந்தது.

இதுவரை செய்தது நிற்க வைக்கும் வேலை. அடுத்தது, எங்கே வைத்துக் கட்டுவது.

நான் தினமும் வேலை செய்யும் ஃபோல்டரில் வைத்துத்தான் இத்தனை நாளும் பில்டு செய்தேன். அங்கே பாதி எழுதிய சோதனைகளும் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளும் மண்டிக் கிடக்கும். இனிமேல் எம்கேடெம்ப் மைனஸ் டி கொடுத்துப் புதிய வெற்று ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி, கிட்டில் (மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பதிப்புக்குப் பெயராக வைத்த குறிப்பிட்ட டேக்கை மட்டும் அதற்குள் குளோன் (நகல்) செய்து, அங்கேதான் மேக் ஓட வேண்டும் என்று முடிவெடுத்தேன். முதல் ஓட்டமே தோற்றது. கான்ஃபிக் டாட் எச் என்ற ஹெடர் கோப்பு கிடைக்கவில்லை. அது என் ஃபோல்டரில் கண்ணெதிரே இருக்கிறது. கிட்டில் இல்லை. எப்போதோ, கிட் கண்டுகொள்ளாமல் விடும் கிட் இக்னோர் பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டு மறந்திருக்கிறேன். அதாவது, என் மூலநிரலை எடுத்துத் தானே கட்டிப் பார்க்க நினைத்த ஒவ்வொருவரும் இந்த இடத்தில் முட்டி நின்றிருப்பார்கள். யாரும் எழுதிக் கேட்கவில்லை. எத்தனை பேர் பேசாமல் விலகிப் போனார்களோ என்பதுதான் 2.3 குளறுபடியைவிட என்னை அதிகம் உறுத்தியது. வெற்று ஃபோல்டரில் குளோன் எடுத்துக் கட்டுவது ஒன்றை மட்டும் செய்திருந்தால்கூட இது முதல் நாளே தெரிந்திருக்கும்.

அந்தத் தற்காலிக ஃபோல்டரை அழிக்கும் பொறுப்பை, ஸ்கிரிப்ட் வெளியேறும்போது ஓடும் ட்ராப் எக்ஸிட்டிடம் கொடுத்தேன். வெற்றி என்றால் அழித்துவிடும். தோல்வி என்றால் அழிக்காமல் அதன் பாதையைத் திரையில் காட்டும், உள்ளே போய்ப் பார்க்கலாம். கேட்காமலே எல்லாவற்றையும் அழிக்கும் ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் எழுதும் இடத்தில் மாறியின் பெயரோடு முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்திருக்கிறேன்: மாறி காலியாக இருந்தால் ஷெல் அழிக்காமல் நின்றுவிடும். இது இல்லாத ஆர்எம் வரியை இப்போது எங்கே பார்த்தாலும் கை நடுங்குகிறது.

பேக்கேஜின் பதிப்பு எண்ணை இனி நான் ஸ்கிரிப்டில் தட்டச்சு செய்வதில்லை. கிட் டிஸ்கிரைபை எக்ஸாக்ட் மேட்ச் என்ற விருப்பத்தோடு ஓட்டினால், நிற்கும் கமிட்டில் (கிட்டில் பதிந்த மாற்றம்) டேக் இருந்தால்தான் விடை வரும். இல்லையென்றால் தோற்கும், ஸ்கிரிப்டும் நிற்கும். டேக் ‘வி’ என்ற எழுத்தில் தொடங்குகிறது. டெபியன் பதிப்பு எண் இலக்கத்தில் தொடங்க வேண்டும். மாறியின் பெயரோடு ஹேஷ் குறியும் வியும் சேர்த்தால் முன்னால் இருக்கும் வி உதிர்ந்துவிடும். சோதனை வெளியீட்டுக்கு 2.4~ஆர்சி1 மாதிரி அலைக்குறி போட்டுக்கொள்கிறேன். டெபியனின் வரிசைப்படி அலைக்குறி வெறுமைக்கும் முன்னால் வரும். எனவே 2.4 வந்ததும் ஆர்சி போட்டவர்களுக்குத் தானாக மேம்படும். ஹைஃபன் போட்டிருந்தால் ஆர்சிதான் புதியது என்று எண்ணிக்கொண்டு 2.4ஐத் தொடாது.

இந்த ஸ்கிரிப்டில் எனக்கு மிகப் பிடித்த வரி இதற்கு அடுத்தது. கட்டிய பைனரியை உடனே ஓட்டி, பதிப்பு கேட்டு, வந்த விடையை டேக்கோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் நிற்கிறது. வேறு எதுவும் சேர்க்காமல் பழைய 12 வரியோடு இந்த ஒரு வரியை மட்டும் வைத்திருந்தாலே அந்த மின்னஞ்சல் வந்திருக்காது.

பேக்கேஜுக்குள் போக வேண்டியதைத் தனி ஃபோல்டரில் அடுக்க டெஸ்ட்டிர் என்ற மாறியைப் பயன்படுத்துவது வழக்கம். மேக் இன்ஸ்டால் ஓடும்போது ஒவ்வொரு பாதைக்கும் முன்னால் இது ஒட்டிக்கொள்ளும். என் மேக் கோப்பில் அது இல்லை. சேர்க்கச் சோம்பல்பட்டு, நிறுவும் இடத்தைச் சொல்லும் ப்ரிஃபிக்ஸையே தற்காலிக ஃபோல்டருக்குத் திருப்பினேன். எல்லாம் அழகாக அடுக்கின. பேக்கேஜை நிறுவி ஓட்டினால், கேமரா பெயர்ப் பட்டியலைத் திறக்க முடியவில்லை என்றது. ப்ரிஃபிக்ஸ் என்பது நிறுவும் இடம் மட்டுமல்ல, நிரலுக்குள்ளேயே பதிந்துவிடும் பாதை. என் பைனரி தன் தரவுக் கோப்பை, எப்போதோ அழிந்துபோன டெம்ப் ஃபோல்டரில் தேடிக்கொண்டிருந்தது. பைனரிக்குள் இருக்கும் எழுத்துகளைக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையைக் கொடுத்ததும் பாதை பளிச்சென்று கண்ணில் பட்டது. ப்ரிஃபிக்ஸ் எப்போதும் யுஎஸ்ஆர், டெஸ்ட்டிர் மட்டும் தற்காலிகம் என்று திருத்தினேன். கூடவே ஒரு காவலும்: அடுக்கிய கோப்புகளுக்குள் தற்காலிகப் பாதை எங்காவது இருக்கிறதா என்று கிரெப் தேடும், இருந்தால் ஸ்கிரிப்ட் நிற்கும்.

அனுமதிகள் அடுத்த பாடம். என் கணினியில், புதிய கோப்புகளுக்கு எந்த அனுமதிகளை மறுப்பது என்று சொல்லும் யுமாஸ்கை 077 என வைத்திருக்கிறேன். அதனால் எம்கேடிர் உண்டாக்கும் ஃபோல்டர் எல்லாம் 700, உரிமையாளரைத் தவிர யாரும் நுழைய முடியாது. பேக்கேஜ் அதை அப்படியே கணினி நிர்வாகியான ரூட்டின் பெயரில் நிறுவிவிடும், சாதாரணப் பயனருக்குத் தரவு ஃபோல்டர் பூட்டிய அறை. ஸ்கிரிப்டின் தலையில் யுமாஸ்க் 022 என்று ஒரு வரி, மேக் கோப்பில் சிபிக்குப் பதில் இன்ஸ்டால் கட்டளை, அதில் வெளிப்படையாக, எல்லோரும் படிக்கக்கூடிய 755, 644 அனுமதிகள். முடிந்தது.

டெப் கட்டுவது நான் பயந்த அளவுக்கு இல்லை. டெப் கோப்பு என்பது ஓர் ஏஆர் தொகுப்பு. உள்ளே மூன்றே உறுப்பு. 2.0 என்று மட்டும் எழுதிய ஒரு சின்னக் கோப்பு, விவரங்களுக்கு ஒரு டார், சரக்குக்கு ஒரு டார். அடுக்கிய ஃபோல்டருக்குள் டெபியன் என்று பெரிய எழுத்தில் ஒரு ஃபோல்டர் வைத்து, கன்ட்ரோல் கோப்பில் பேக்கேஜ் பெயர், பதிப்பு, ஆர்க்கிடெக்சர், பராமரிப்பவர், விளக்கம் எழுதி, டெப் கட்டும் டிபிகேஜி-டெப்பிடம் கொடுத்தால் போதும். ரூட் ஓனர் குரூப் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் கோப்புகள் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகப் பதியும், இல்லையென்றால் என் பயனர் எண் 1000 உள்ளே போய் உட்கார்ந்துவிடும். கன்ட்ரோல் கோப்பின் கடைசி வரிக்குப் பின் புதுவரி இல்லாவிட்டால் அது ஏற்காது. அங்கே பத்து நிமிடம் போனது.

2.4 தயார் என்று நினைத்து, கொஞ்சம் பழைய இயங்குதளம் வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்தேன். “ஓடவே மாட்டேங்குது. ஜிலிப்சி 2.34 இல்லைன்னு சொல்லுது, பார்” என்றார். ஜிலிப்சி என்பது லினக்ஸில் சி நிரல்கள் பெரும்பாலும் சாரும் அடிப்படை லைப்ரரி. 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34, நிரலின் தொடக்கத்தில் ஓடும் ஃபங்ஷனுக்கே புதிய சிம்பல் பதிப்பு (நிரல் அதை லைப்ரரியில் தேடும் பெயரின் பதிப்பு) கொடுத்தது. ஆகவே அதிலோ அதற்குப் பிறகோ கட்டிய எந்த சாதாரண சி நிரலும், வெறும் வணக்கம் சொல்லும் நிரல்கூட, பழைய கணினியில் எழுந்து நிற்காது. புதிய லைப்ரரி பழைய பைனரியை ஏற்கும். திருப்பிப் போட்டால் நடக்காது. எனவே, ஆதரிக்கும் கணினிகளிலேயே மிகப் பழையதில் கட்ட வேண்டும். டெபியன் 11 கன்டெய்னர் (கணினிக்குள் தனியாக ஓடும் இன்னொரு இயங்குதளச் சூழல்) ஒன்றை வைத்து, ஜிலிப்சி 2.31 உள்ள அதற்குள்ளே ஸ்கிரிப்டை ஓட்டினேன். நண்பரின் கணினியில் ஓடியது, என் புதிய கணினியிலும் ஓடியது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரே டேக்கை இரண்டு தடவை கட்டி, கோப்பின் கைரேகை போன்ற ஷா256 எடுத்துப் பார்த்தபோது இரண்டும் வேறு வேறாக வந்தன. ஒரே மூலம், ஒரே கம்பைலர், ஒரே கன்டெய்னர். 64 எழுத்துக் கைரேகை மட்டும் வேறு. இப்படி இருந்தால், வெளியிட்ட பைனரி இந்த மூலத்திலிருந்துதான் வந்தது என்று என்னாலேயே நிரூபிக்க முடியாது. 2.3இல் நடந்ததற்குப் பிறகு அதை விட்டுவிட மனம் வரவில்லை.

சிஎம்பி மைனஸ் எல் கொடுத்து இரண்டு கோப்புகளையும் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். திரை முழுக்க எண்கள் நெடுவரிசையாக ஓடின. மேலே போய்ப் பார்த்தேன். டாரைச் சுருக்கிய ஜிஜிப் கோப்பு 1எஃப், 8பி என்ற இரண்டு பைட்டோடு தொடங்கும். ஐந்தாவது பைட்டிலிருந்து நான்கு பைட்டுக்கு நேரமுத்திரை. மாற்றம் அங்கேயே தொடங்கியிருந்தது. ஜிஜிப்புக்கு மைனஸ் என் கொடுத்தால் பெயரும் நேரமும் பதியாது. அடுத்து டார்: ஒவ்வொரு கோப்புக்கும் மாற்றிய நேரம், உரிமையாளர், டைரக்டரி எந்த வரிசையில் கொடுத்ததோ அந்த வரிசை. பெயர்ப்படி அடுக்கு, உரிமையாளர் 0, குழு 0, நேரம் இதுதான் என்று டாருக்கு விருப்பங்கள் கொடுத்தேன். எந்த நேரம்? டேக் நிற்கும் கமிட்டின் நேரம். கிட் லாகிலிருந்து அதை 1970 முதல் எண்ணிய நொடிகளாக எடுத்து, சோர்ஸ் டேட் ஈபாக் என்ற சூழல் மாறியில் வைத்தேன். டிபிகேஜி-டெப் அதை மதிக்கிறது. சி கம்பைலரான ஜிசிசியும் 7ஆம் பதிப்பிலிருந்து மதிக்கிறது. பதிப்பு கேட்டால் கட்டிய தேதியையும் காட்டும்படி நான் நிரலில் எழுதியிருந்த தேதி மேக்ரோ அதனால் ஒரே தேதியைக் காட்டத் தொடங்கியது.

டாரின் விவரங்கள் பொருந்தின. உள்ளே இருந்த பைனரி இன்னும் பொருந்தவில்லை. இதற்குத்தான் நேரம் அதிகம் பிடித்தது. கடைசியில் காரணம் எம்கேடெம்ப்! அது ஒவ்வொரு தடவையும் புதுப்பெயரில் ஃபோல்டர் தருகிறது. பிழைதிருத்தத் தகவல்களோடு கட்டும்போது ஜிசிசி அந்தப் பாதையைப் பைனரிக்குள் எழுதி வைக்கிறது. ஃபைல் ப்ரிஃபிக்ஸ் மேப் என்ற விருப்பத்தால் அந்தப் பாதையை ஒரு புள்ளியாக மாற்றச் சொன்னேன். அத்தோடு மொழி அமைப்பு எல்சி ஆல் சி, நேரமண்டலம் யுடிசி என்றும் தலையில் வைத்துவிட்டேன். ஒரு கணினியின் மொழி அமைப்பு கோப்புகளின் வரிசையை மாற்றக் கூடாது.

இப்போது ஸ்கிரிப்ட் 140 வரிக்கு மேல். ஓடி முடிய நான்கு நிமிடம். அது செய்யாத இரண்டு வேலை உண்டு: டிஜிட்டல் கையெழுத்திடுவது, பதிவேற்றுவது. ஷா256 பட்டியலை எழுதி, கோப்புகளை ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டு நின்றுவிடும். பதிவேற்றும் வரியும் சேர்க்கலாமே என்று நண்பர் கேட்டார். வெளியே போனதைத் திரும்பப் பெற முடியாது. பேக்கேஜை ஒரு வெற்றுக் கன்டெய்னரில் நிறுவி, ஐந்து படங்களை என் கண்ணால் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திடுகிறேன்.

2.5 வெளியீட்டன்று டேக் போட்டுவிட்டு ஓட்டினேன். மூன்றாவது நிமிடத்தில் நின்றது. டேக் 2.5 என்கிறது, பைனரி 2.4 என்கிறது. பதிப்பு எண் இருக்கும் ஹெடரை மாற்றாமலே டேக் போட்டிருக்கிறேன். டேக் இன்னும் சர்வருக்குப் போகவில்லை. அழித்து, திருத்தி, கமிட் செய்து, மறுபடியும் டேக் போட்டு ஓட்டினேன். பிறகு அதே டேக்கையும் அதே கன்டெய்னர் இமேஜையும் நண்பருக்கு அனுப்பி அவர் கணினியில் கட்டச் சொன்னேன். மாலையில் அவருடைய டெப் கோப்பு வந்தது. அதையும் என்னுடையதையும் சிஎம்பியிடம் கொடுத்தேன். ஒரு வரிகூட வரவில்லை.